வரியைக் காட்டி வேலை என்கிறார்கள்

வர்ஜீனியா மாநிலத்தின் லவுடன் கவுண்டி, காலையில் வாஷிங்டன் பக்கம் வேலைக்குப் போய் இரவில் வந்து படுக்கும் மக்களின் ஊராக இருந்தது. தரவு மையங்களை வரவழைத்ததால் இன்று வேலைகளின் ஊராகிவிட்டது. அக்கம்பக்கத்துக் கவுண்டிகளும் அதே வழியில் போனால்தான் பிழைக்கும். இதை எதிர்ப்பவர்கள் தங்கள் வீட்டுக் கொல்லையைத் தாண்டி யோசிக்கத் தெரியாத வசதிக்காரர்கள். சென்ற இதழில் வந்த கட்டுரை சொல்வது இவ்வளவுதான். முதல் கூற்று உண்மை. இரண்டாவது பொய். மூன்றாவது அந்தப் பொய்யின் மேல் எழுப்பியது. நான்காவது அவதூறு, அதற்குப் பிறகு வருகிறேன்.

கட்டுரையாளர் இந்த ஊரைத் தூரத்திலிருந்து பார்த்து எழுதியிருக்கிறார். நான் இங்கே குடியிருப்பவன். என்னைச் சுற்றி ஆஷ்பர்னிலும் ஆல்டியிலும் சவுத் ரைடிங்கிலும் வீடு வாங்கியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பலவும் இந்தக் கட்டுரையைப் படித்திருக்கும். அடுத்த உள்ளூர்த் தேர்தலில் வாக்களிக்கப் போகிறவர்கள் அவர்களில் நிறைய. தவறான கணக்கை நம்பி அவர்கள் வாக்களிக்கக் கூடாது என்பதால்தான் எழுதுகிறேன்.

கவுண்டி என்பதை நம் ஊர் மாவட்டம்போல நினைத்துக்கொள்ளலாம், ஒரு பெரிய வேறுபாட்டோடு. இங்கே எந்த நிலத்தில் என்ன கட்டலாம், சொத்துவரி எவ்வளவு, பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு பணம் என்பதையெல்லாம் மக்கள் தேர்ந்தெடுத்த மேற்பார்வையாளர் குழு தீர்மானிக்கிறது. லவுடனின் மக்கள்தொகை 1990-ல் சுமார் 86,000. 2000-ல் 1,70,000. 2020-ல் 4,21,000. முப்பது ஆண்டுகளில் ஐந்து மடங்கு. குடும்ப வருமானத்தில் நாட்டிலேயே முதலிடம் என்று ஆண்டுதோறும் பெயர் வருகிறது. ஆனால் அந்த வருமானத்தின் பெரும் பகுதி கவுண்டிக்குள் ஈட்டப்படுவதில்லை. ஃபேர்ஃபாக்ஸ், டைசன்ஸ், ஆர்லிங்டன், வாஷிங்டன் என்று கிழக்கே போய் ஈட்டி வருகிறார்கள். ஏழாம் எண் சாலையில் நெரிசல். நெரிசலுக்குப் பயந்து கிரீன்வே என்ற தனியார் சாலையில் ஏறினால் ஒருமுறை போவதற்கே 5 டாலருக்கு மேல் சுங்கம். இது அன்றைக்கும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. ஊர் மாறிவிட்டது என்று எழுதியவர் ஒரு வேலைநாள் காலை ஏழு மணிக்கு அந்தச் சாலையின் எந்தத் திசையில் வண்டிகள் நிற்கின்றன என்று பார்த்திருக்கலாம்.

இனி எண்களுக்கு வருவோம். கட்டுரையாளர் எண்களை விரும்புகிறவர் என்பது தெரிகிறது, தமக்குச் சாதகமான பாதியை மட்டும்.

தரவு மையங்களால் வர்ஜீனியாவில் 74,000 வேலைகள் என்று எழுதியிருக்கிறார். இந்த எண் வர்ஜீனியா சட்டமன்றத்தின் தணிக்கை மற்றும் ஆய்வுக் குழு 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையில் இருக்கிறது. மாநிலம் முழுவதற்குமான எண். நேரடி வேலை மட்டுமல்ல, அதையொட்டி மற்ற தொழில்களில் கிளைக்கும் வேலைகளையும் சேர்த்த எண். அதைவிட முக்கியம், இந்தப் பயனில் பெரும்பகுதி கட்டுமானக் காலத்தில் வருவது என்று அதே அறிக்கை சொல்கிறது. இதைக் கட்டுரையாளர் விட்டுவிட்டார். அதே அறிக்கையில், அதே விஷயத்தைப் பற்றி இன்னொரு எண்ணும் இருக்கிறது. அதையும் விட்டுவிட்டார். 2,50,000 சதுர அடி கொண்ட வழக்கமான தரவு மையம் ஒன்றைக் கட்டும்போது உச்சக்கட்டத்தில் 1,500 பேர் வரை வேலை செய்கிறார்கள். கட்டுமானம் ஓராண்டு அல்லது ஒன்றரை ஆண்டு நடக்கும். கட்டி முடித்துக் கருவிகள் ஓடத் தொடங்கியபின் அங்கே முழுநேரமாக வேலை செய்பவர்கள் சுமார் 50 பேர். அவர்களிலும் பாதிப்பேர் ஒப்பந்தத் தொழிலாளர்கள்.

ஐம்பது பேர். ஒரு நடுத்தர உணவகமும் அதை ஒட்டிய மளிகைக் கடையும் சேர்ந்தால் அவ்வளவு பேருக்குச் சம்பளம் கொடுக்கும். அதற்கு இரண்டரை லட்சம் சதுர அடி தேவையில்லை.

லவுடனில் இப்போது 4 கோடி சதுர அடிக்கும் மேல் தரவு மையங்கள் நிற்கின்றன. உலகில் இவ்வளவு நெருக்கமாக வேறெங்கும் இல்லை. ஆய்வுக் குழு சொன்ன விகிதத்தை வைத்துப் பெருக்கினால் 4 கோடி சதுர அடிக்கு 8,000 பேர் வருகிறார்கள். தாராளமாகவே எடுத்துக்கொண்டு ஒன்றரை மடங்காக்கினாலும் 12,000. இந்தக் கவுண்டியில் குடியிருந்து வேலைக்குப் போகிறவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல். உலகத்தின் முதலிடத்தைப் பிடித்து, அகப்பட்ட நிலத்தையெல்லாம் கொடுத்து, மின்கம்பிகளால் வானத்தை நிரப்பி, நாம் பெற்றது இருபதில் ஒருவருக்கு எட்டுமா எட்டாதா என்ற அளவு வேலை. அதிலும் எத்தனை பேர் கவுண்டிக்குள் குடியிருப்பவர்கள் என்பது தனிக் கேள்வி. இதைத்தான் வேலைகளின் ஊர் என்று எழுதுகிறார்.

வேலைக்கும் இந்தத் தொழிலுக்கும் உள்ள உறவை மாநிலச் சட்டமே ஒளிக்காமல் எழுதிவைத்திருக்கிறது. தரவு மையங்கள் வாங்கும் கணினிகளுக்கும் கருவிகளுக்கும் வர்ஜீனியா விற்பனை வரி விலக்கு அளிக்கிறது. அதற்குப் பொதுவான தகுதி: 15 கோடி டாலர் முதலீடு, 50 வேலைகள். ஒரு வேலைக்கு 30 லட்சம் டாலர். 2023-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 3,500 கோடி டாலர் முதலீடும் 1,000 வேலையும் தந்தால் விலக்கு 2040 வரை நீளும். 10,000 கோடி டாலரும் 2,500 வேலையும் தந்தால் 2050 வரை. வகுத்துப் பாருங்கள். ஒரு வேலைக்கு மூன்றரைக் கோடி டாலர், நான்கு கோடி டாலர். தொழிலின் இயல்பு இதுதான் என்று தெரிந்தே சட்டமியற்றியவர்கள் இந்த விகிதத்தை எழுதினார்கள். இந்த ஒரு விலக்கால் 2023 நிதியாண்டில் மட்டும் மாநிலம் இழந்த வரி 92.8 கோடி டாலர். தென்மேற்கு வர்ஜீனியாவில் தரவு மையமே இல்லாத மலையூர்களின் மக்களும் அந்த இழப்பைச் சுமக்கிறார்கள். கட்டுரையில் இதற்கு ஒரு வரி இல்லை.

அந்த 3,500 கோடி, 1,000 வேலை என்ற எண்கள் அமேசான் 2023 ஜனவரியில் அறிவித்த தரவு மைய முதலீட்டின் எண்கள். அதே அமேசான், அதே வர்ஜீனியாவில், 2018 நவம்பரில் இரண்டாவது தலைமையகத்தை ஆர்லிங்டனில் அமைப்பதாக அறிவித்தபோது சொன்ன கணக்கு என்ன? 250 கோடி டாலர் முதலீடு, 25,000 வேலைகள். ஒரு வேலைக்கு ஒரு லட்சம் டாலர். ஒரே நிறுவனம், ஒரே மாநிலம். மனிதர்களை வைத்துச் செய்யும் தொழிலுக்கும் இயந்திரங்களை வைத்துச் செய்யும் தொழிலுக்கும் உள்ள தூரம் ஒன்றுக்கு முந்நூற்று ஐம்பது. தலைமையகத்துக்கு மாநிலம் தர ஒப்புக்கொண்ட ஊக்கத்தொகை, ஒரு வேலைக்கு 22,000 டாலர், வேலை உண்டான பிறகே கொடுக்க வேண்டியது. அதனால்தான் 2023 மார்ச்சில் அமேசான் இரண்டாம் கட்டக் கட்டுமானத்தை நிறுத்திவைத்தபோது வராத வேலைக்கு மாநிலம் பணம் கொடுத்து ஏமாறவில்லை. வேலைக்காகச் சலுகை என்றால் அது இப்படி இருக்க வேண்டும்.

இங்கே கட்டுரையாளர் அறியாத, அல்லது அறிந்தும் சொல்லாத ஒரு செய்தி உண்டு. அந்தத் தலைமையகத்துக்கு வடக்கு வர்ஜீனியா முன்வைத்த இடங்களில் லவுடன் எல்லையில் டல்லஸ் விமான நிலையத்துக்குப் பக்கத்து நிலமும் ஒன்று. விமான நிலையம் அருகே, விசாலமான காலி நிலம். அமேசான் அதைத் தொடவில்லை. ராணுவ அலுவலகங்கள் காலிசெய்துவிட்டுப் போன ஆர்லிங்டனின் பழைய கட்டடப் பகுதிக்குப் போனது. அங்கே மெட்ரோ ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. வாஷிங்டனின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் வேலைக்கு ஆள் வந்து சேர முடியும். நடந்துபோய்ச் சாப்பிட இடம் உண்டு. பக்கத்தில் அலெக்ஸாண்ட்ரியாவில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் புதிய வளாகம் வரப்போகிறது என்ற உறுதியும் கூடவே வந்தது. ஆயிரக்கணக்கில் ஆளெடுக்கும் நிறுவனம் தேடுவது ஆட்களை. ஆட்கள் சுலபமாக வந்துசேரும் இடத்தை. நிலம் மலிவாகவும் மின்கம்பி அருகிலும் இருக்கிறதா என்று பார்ப்பவன் ஆளெடுக்க வருபவன் அல்ல. வெளியே போய் உழைப்பவர்களின் பயணிகள் கவுண்டி ஒன்று வேலைவாய்ப்பைப் பற்றிக் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் லவுடனின் வெற்றியில் இல்லை, லவுடன் தோற்ற அந்தப் போட்டியில் இருக்கிறது.

இனி கட்டுரையாளரின் பலமான வாதம். அதை நான் மழுப்ப மாட்டேன். தரவு மையங்களால் கவுண்டிக்குப் பெரும் வரி வருகிறது. அந்த மையங்களுக்குள் இருக்கும் கணினிகள் மீது கவுண்டி விதிக்கும் சொத்துவரி ஆண்டுக்குப் பல கோடி டாலர். கணினிகள் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை அனுப்புவதில்லை, ஆகவே செலவில்லாத வருமானம். இதனால் வீட்டுவரி விகிதம் 2012-ல் 100 டாலர் மதிப்புக்கு 1.235 டாலராக இருந்தது 2025-ல் 80.5 சென்ட்டாக இறங்கியிருக்கிறது. வீட்டின் சந்தை மதிப்பு ஏறியதால் கட்டும் தொகை அந்த அளவுக்கு இறங்கவில்லை. ஆனாலும் இந்த வரி இல்லையென்றால் என் வீட்டுக்கான சீட்டும் கனமாகத்தான் வந்திருக்கும். இது உண்மையான பயன்.

அப்படியானால் அதை வரி என்று சொல்லுங்கள். வேலை என்று சொல்லாதீர்கள். லீஸ்பர்க்கிலிருந்து விடியுமுன் கிளம்பும் ஒரு தாய்க்கு, வீட்டுவரியில் சில நூறு டாலர் மிச்சம் என்பதும், பதினைந்து நிமிடத்தில் போய்ச் சேரும் தூரத்தில் வேலை என்பதும் ஒன்றல்ல. முதலாவதைக் கொடுத்துவிட்டு இரண்டாவதைக் கொடுத்ததாக எழுதுவது அவளை ஏமாற்றுவது. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஊழியர்கள் எல்லோரும் அலுவலகத்துக்குத் திரும்ப வேண்டும் என்று ஆணை வந்தது. அதே ஆண்டில் ஆட்குறைப்பும் வந்தது. அரசு வேலையையும் அரசு ஒப்பந்த வேலையையும் நம்பிக் கடன் வாங்கி வீடு கட்டிய இந்தப் பகுதி முழுவதும் கலங்கிப்போனது. உள்ளூரில் வேலை இருந்திருந்தால் தாங்கியிருக்க வேண்டிய நேரம் அதுதான். கட்டடத்துக்கு ஐம்பது பேர் என்று நடக்கும் தொழிலால் யாரைத் தாங்க முடிந்திருக்கும்?

அந்த வரிகூடக் கட்டுரையாளர் நினைப்பதுபோல் அசையாத பாறை அல்ல. கணினியின் வரி மதிப்பு ஆண்டுதோறும் செங்குத்தாகச் சரியும். வருமானம் நிற்காமல் வரவேண்டுமென்றால் நிறுவனங்கள் பழைய கருவிகளை எடுத்துவிட்டுப் புதியவற்றை மாட்டிக்கொண்டே இருக்கவேண்டும். எப்போது மாட்டுவது என்பதை முடிவுசெய்வது லீஸ்பர்க்கில் உள்ள மேற்பார்வையாளர் குழு அல்ல, எங்கோ இருக்கும் நிறுவனத்தின் நிதி அலுவலகம். 2021-ல் கவுண்டி எதிர்பார்த்த தரவு மைய வரியில் 6 கோடி டாலர் குறைந்தது. மதிப்பீடு பிசகிவிட்டது என்று அறிவித்து வரவுசெலவுத் திட்டத்தை அவசரமாகச் சரிசெய்தார்கள். ஒரே தொழிலை நம்பியதன் விலை இந்தக் கவுண்டிக்குத் தெரியாதது அல்ல. 1990-களில் ஏஓஎல் நிறுவனம் டல்லஸில் தலைமையகம் வைத்திருந்தது. வேர்ல்ட்காம் ஆஷ்பர்னில் பெரிய வளாகம் எழுப்பியது. வேர்ல்ட்காம் 2002-ல் திவாலானது. ஏஓஎல் தலைமையகத்தை 2007-ல் நியூயார்க்குக்கு மாற்றப் போவதாக அறிவித்தது. அவற்றிலாவது ஆயிரக்கணக்கான மனிதர்கள் வேலைபார்த்தார்கள்.

அடுத்து, பக்கத்துக் கவுண்டிகளுக்கு அவர் வழங்கும் அறிவுரை. நான் மிகவும் ஆத்திரப்படும் இடம் இது.

பிரின்ஸ் வில்லியம் கவுண்டி லவுடனைவிட அதிகமாக வெளியே போய் உழைக்கும் ஊர். உட்பிரிட்ஜ் பக்கம் பூங்காபோல் விரிந்த வாகன நிறுத்தங்களில் முன்பின் தெரியாதவர்கள் வரிசையில் நின்று ஒருவர் வண்டியில் ஒருவர் ஏறிப் பென்டகனுக்கும் வாஷிங்டனுக்கும் போகும் வழக்கம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. மூன்று பேர் இருந்தால் விரைவுத் தடத்தில் போகலாம் என்பதற்காக மக்களே உண்டாக்கிய ஏற்பாடு. மனாசஸிலிருந்து 1992 முதல் புறநகர் ரயில் ஓடுகிறது. வேலை அருகே வராதா என்று ஏங்கும் உரிமை இவர்களைவிட வேறு யாருக்கும் இல்லை. இவர்களுக்குக் கவுண்டி நிர்வாகம் என்ன செய்தது? லவுடன் 100 டாலருக்கு 4 டாலருக்கும் மேல் கணினி வரி வாங்கிக்கொண்டிருந்த காலத்தில், தரவு மையங்களைக் கவர்வதற்காகத் தன் விகிதத்தைப் பல ஆண்டுகள் 1.25 டாலரிலேயே வைத்திருந்தது. 2023-ல் அது 2.15. 2024-ல் ஒரேயடியாக 3.70. உயர்த்தியபின் நிறுவனங்கள் ஓடிவிட்டனவா? விண்ணப்பங்கள் நிற்கவில்லை. அப்படியானால் அத்தனை ஆண்டுகள் விட்டுக்கொடுத்த பணம் யாருக்காக? அந்தப் பணத்தில் எத்தனை பேருந்துகள் ஓடியிருக்கும், எத்தனை வகுப்பறைகள் எழுந்திருக்கும்? சலுகையால்தான் தொழில் வந்தது என்று எழுதும் கட்டுரையாளர் இந்த ஒரு கேள்விக்காவது பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

லவுடனுக்குத் தரவு மையங்கள் வந்த கதையும் அவர் சொல்வதுபோல் நிர்வாகத்தின் ராஜதந்திரக் கதை அல்ல. 1990-களின் தொடக்கத்தில் டைசன்ஸ் பகுதியில் மே-ஈஸ்ட் என்ற இணையச் சந்திப்பு இயங்கியது. நாட்டின் இணையப் போக்குவரத்தில் பெரும்பங்கு அதன் வழியே போனது. அதையொட்டி மண்ணுக்குள் கண்ணாடியிழைக் கம்பிகள் பதிந்தன. 1990-களின் இறுதியில் எக்வினிக்ஸ் நிறுவனம் ஆஷ்பர்னில் சந்திப்பு மையம் அமைத்தது. பழைய விவசாய நிலம் தட்டையாக, மலிவாகக் கிடந்தது; மின்சாரமும் மலிவு. முன்னே வந்தவர் அருகிலேயே பின்னே வருபவரும் இருக்க விரும்பும் தொழில் இது. இந்தச் சேர்க்கை வேறெந்தக் கவுண்டியின் தீர்மானத்தாலும் மறுபடி வராது. வரி விகிதத்தைக் குறைத்தால் நீங்களும் லவுடன் ஆகலாம் என்று மற்றவர்களைத் தூண்டுவது, கவுண்டிகளை ஒன்றோடொன்று மோதவிட்டு யார் குறைவாக வாங்குகிறார் என்று பார்க்கும் நிறுவனங்களுக்கு இலவசமாகச் செய்யும் சேவை.

அந்தத் தூண்டுதல் பிரின்ஸ் வில்லியத்தில் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதும் தெரிந்ததே. அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1861-லும் 1862-லும் இரண்டு பெரும் சண்டைகள் நடந்த மனாசஸ் போர்க்களப் பூங்காவின் ஓரத்தில், 2,100 ஏக்கரில் தரவு மையங்கள் கட்டத் திட்டம். ஊர் இரண்டாகப் பிளந்தது. திட்டத்தை ஆதரித்த குழுத் தலைவர் ஆன் வீலர் 2023 ஜூனில் தம் கட்சியின் உட்தேர்தலிலேயே தோற்றார். பதவி முடியும் தறுவாயில் இருந்த குழு, 2023 டிசம்பரில், 27 மணிநேரம் நீண்ட கூட்டத்தில் மக்கள் வரிசைகட்டி வந்து மன்றாடியபின்னும் அனுமதி கொடுத்தது. 2025 ஆகஸ்டில் நீதிமன்றம், பொது அறிவிப்பைச் சட்டப்படி வெளியிடவில்லை என்று சொல்லி அந்த அனுமதியைச் செல்லாததாக்கியது. ஆண்டுக்கணக்கான சண்டை, வழக்குச் செலவு, அண்டை வீட்டாரிடையே பகை. உட்பிரிட்ஜில் வரிசையில் நிற்பவருக்கு இதில் எந்த வேலையும் வரவில்லை.

வேலை தராதது மட்டுமல்ல, வேலை தரும் இடத்தையும் இந்தத் தொழில் விழுங்குகிறது. இதைத்தான் கட்டுரையாளர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. கிழக்கு லவுடனில் தரவு மையத்துக்கு உகந்த நிலம் ஏக்கர் பல மில்லியன் டாலருக்கு விற்கிறது. இந்த விலைக்கு எந்தத் தச்சுப்பட்டறையும் எந்த வாகனம் பழுதுபார்க்கும் கடையும் எந்தச் சிறு ஆய்வுக்கூடமும் ஈடுகொடுக்க முடியாது. ஸ்டெர்லிங்கிலும் ஆஷ்பர்னிலும் உள்ள தாழ்வான பழைய வணிகக் கட்டடங்களில்தான் இந்த ஊரின் சிறு முதலாளிகள் பிழைக்கிறார்கள். நடனப்பள்ளி, அச்சகம், சமையல்கூடம், குழாய்ப் பணியாளரின் கிடங்கு. ஒவ்வொன்றிலும் ஆறு பேர், பத்துப் பேர், இருபது பேர். நில உரிமையாளருக்கு அந்தக் கட்டடத்தை இடித்து விற்பது லாபம் என்றானபின் அவர்களுக்கு வாடகை ஒப்பந்தம் நீள்வதில்லை. அவர்கள் போவதை எந்த அறிக்கையும் இழந்த வேலை என்று கணக்கில் எடுக்காது. வந்த ஐம்பதை மட்டும் எல்லோரும் எண்ணுவார்கள்.

வீடுகளுக்கும் இதே கதி. இந்தக் கவுண்டியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவர்கள், முதியோரைக் கவனிப்பவர்கள், உணவகத்தில் சமைப்பவர்கள், ஏன், தரவு மைய வாசலில் காவல் நிற்பவர்கள்கூட, வின்செஸ்டரிலிருந்தும் மேற்கு வர்ஜீனியாவிலிருந்தும் மலையைத் தாண்டி ஏழாம், ஒன்பதாம் எண் சாலைகளில் வருகிறார்கள். இங்கே குடியிருக்க அவர்கள் சம்பளம் போதாது. ஆக, பயணிகள் கவுண்டி என்பது இங்கிருந்து வெளியே போகிறவர்களின் துன்பம் மட்டுமல்ல. உள்ளே வருகிறவர்களின் துன்பமும்தான். கட்டுரையில் இவர்கள் ஒருவரும் இல்லை.

2022 நவம்பர் 15 அன்று மெட்ரோவின் வெள்ளித்தடம் ஆஷ்பர்ன் வரை வந்தது. இதைவிடப் பெரிய வாய்ப்பு இந்தக் கவுண்டிக்கு எப்போதும் வந்ததில்லை. ஆனால் லவுடன் கேட்வே நிலையத்தில் இறங்கிப் பாருங்கள். விமான இரைச்சல் விதியால் அங்கே வீடு கட்டக்கூடாது. சரி, அலுவலகங்கள், கல்விக்கூடங்கள், மருத்துவ நிலையங்கள் என்று மனிதர் வந்துபோகும் கட்டடங்களுக்கே அந்த நிலையத்தின் சுற்றுப்புறத்தைக் காத்துவைத்திருக்க வேண்டும். நிலையத்தின் அக்கம்பக்கம் முழுக்கத் தரவு மையங்கள் முளைக்கும் பகுதி. பொதுப்பணத்தில் ரயில் கொண்டுவந்து நிறுத்தி, ரயிலில் ஏறத் தேவையே இல்லாத இயந்திரங்களுக்கு அந்த மண்ணைக் கொடுப்பதை வளர்ச்சி என்று என்னால் அழைக்க முடியாது.

எதிர்ப்பவர்கள் சுயநலக்காரர்கள் என்ற அவதூறுக்கு வருகிறேன். தரவு மையங்கள் 2023-ல் வர்ஜீனியாவின் மின்சாரத்தில் நான்கில் ஒரு பங்கைக் குடித்தன. 2022 கோடையில் கிழக்கு லவுடனுக்குப் போதிய மின்கடத்தும் திறன் இல்லை என்று டொமினியன் மின் நிறுவனமே அறிவித்தது. இப்போது அதைச் சரிசெய்ய உயரழுத்தக் கோபுரங்களை எழுப்புகிறார்கள். கோல்டன்–மார்ஸ் என்ற 500 கிலோவோல்ட் தடம் ஆஷ்பர்னின் குடியிருப்புகளை ஒட்டித் திட்டமிடப்பட்டது. அங்கே வீடு வாங்கியவர்களில் இந்தியக் குடும்பங்கள் ஏராளம். கம்பியைப் பூமிக்கடியில் கொண்டுபோங்கள் என்று அவர்கள் கேட்கிறார்கள். பிள்ளைகள் விளையாடும் திடலுக்கு மேலே கம்பி வேண்டாம் என்று கேட்பது எந்த நியாயத்தில் சுயநலம்? லாபம் நிறுவனத்துக்கு, கோபுரம் எங்கள் தெருவுக்கு, மின்கட்டண உயர்வு மாநிலம் முழுமைக்கும் என்று பங்கு போட்டவர்களைப் பற்றி அல்லவா அந்தச் சொல்லை எழுதியிருக்க வேண்டும்?

கட்டுரையாளர் போற்றும் லவுடனின் மேற்பார்வையாளர் குழுவே 2025 மார்ச்சில், தரவு மையம் கட்டத் தனி விசாரணை இல்லாமல் தானாகவே கிடைத்துவந்த அனுமதியை நீக்கிவிட்டது. இனி ஒவ்வொன்றும் மக்கள் முன் விசாரணைக்கு வந்தாக வேண்டும். கால் நூற்றாண்டு அனுபவத்துக்குப் பின் முன்மாதிரி ஊரே கதவில் தாழ்ப்பாள் வைத்துக்கொண்டிருக்கும்போது, மற்ற ஊர்களைப் பார்த்துக் கதவைத் திறந்துபோடு என்கிறது கட்டுரை. அந்தத் தீர்மானத்தைப் பற்றியும் அதில் ஒரு சொல் இல்லை.

நான் தொழில்களுக்கு எதிரி அல்ல. லவுடனிலேயே நல்ல எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. ஆர்பிட்டல் சயின்ஸஸ் டல்லஸில் வளர்த்த விண்வெளித் தொழில் இன்று நார்த்ராப் குரம்மன் பெயரில் நடக்கிறது. அங்கே பொறியாளர்களும் தொழில்நுட்பக்காரர்களும் கையால் செயற்கைக்கோள் செய்கிறார்கள். 2006-ல் ஆஷ்பர்னில் திறந்த ஜனீலியா ஆய்வு வளாகத்தில் உலகெங்கிலுமிருந்து விஞ்ஞானிகள் வந்து தங்கி வேலைசெய்கிறார்கள். ஸ்டெர்லிங்கில் சமுதாயக் கல்லூரியின் வளாகம் இருக்கிறது. ஒரு மாலைநேர வகுப்பு ஒருவருடைய பிழைப்பையே மாற்றிவிடும் இடம் அது. இவற்றைப் போன்றவை இன்னும் பத்து வரட்டும். தரவு மைய வரியாக வந்த பணத்தில் ஒரு பங்கை வீட்டுவரிக் குறைப்பில் கரைத்துவிடாமல் இதற்கென்று ஒதுக்குங்கள். மெட்ரோ நிலையங்களைச் சுற்றி மனிதர் வேலைசெய்யும் கட்டடங்களுக்கு மட்டுமே அனுமதி என்று விதியெழுதுங்கள். சிறுதொழில் நடக்கும் பழைய வணிகக் கட்டடங்களை இடித்துத் தரவு மையம் ஆக்குவதைத் தடுங்கள். எந்த நிறுவனத்துக்குச் சலுகை கொடுத்தாலும் ஏக்கருக்கு எத்தனை நிரந்தர வேலை என்ற எண்ணை, ஒப்பந்தத் தொழிலாளர்களைத் தனியே பிரித்து, ஆண்டுதோறும் பொதுவில் வையுங்கள்.

அந்த எண்ணைக் கட்டுரையாளரிடமும் கேட்கிறேன். அவர் பாராட்டி எழுதிய தரவு மையங்களில் ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும். கட்டுமானம் முடிந்தபின் அதில் முழுநேர வேலை பார்ப்பவர்கள் எத்தனை பேர், அவர்களில் லவுடனில் குடியிருப்பவர்கள் எத்தனை பேர் என்று அடுத்த இதழில் எழுதட்டும். பிரின்ஸ் வில்லியம் மக்களுக்கு அறிவுரை சொல்வதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.